கோழியும் பீரும் போய்த் தாடி வந்த கதை

கேள்வி இதுதான்: "பேஸ்பாலில் ஒரு அணி ஜெயித்தால் 'கிளப்ஹவுஸ் சூழல் பிரமாதம்' என்கிறார்கள். தோற்றால் 'கிளப்ஹவுஸ் கெட்டுவிட்டது' என்கிறார்கள். ஆஃப் சீசனில் ஆள் எடுக்கும்போது இதை உண்மையிலேயே கணக்கில் எடுக்க முடியுமா, இல்லை முடிவு தெரிந்த பிறகு கட்டும் கதையா? ரசிகர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

முடியும், ஆனால் பாதிதான் என்பது என் பதில். (கிளப்ஹவுஸ் என்பது மைதானத்தில் ஆட்டக்காரர்கள் உடை மாற்றி ஓய்வெடுக்கும் அறை. ஆஃப் சீசன் என்பது ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும்வரையான இடைவெளி.) தங்கமான பையன்களாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்தால் சூழல் தானாக நன்றாகிவிடும் என்பதை நான் நம்புவதில்லை. காரணம், ஒரு கிளப்ஹவுஸையே கெடுத்தவர்கள் என்று ஊர் முழுக்கத் திட்டு வாங்கிய இரண்டு பேர், இரண்டே வருடத்தில் அதே ஊருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இருவரும் புத்தர் ஆகிவிடவில்லை. அவர்களைச் சுற்றியிருந்த ஏற்பாடு மாறியிருந்தது. ஜான் லெஸ்டர், ஜான் லாக்கி என்ற இரண்டு பிட்சர்களையும், அவர்கள் ஆடிய பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் 2012-13 ஆஃப் சீசனையும்தான் சொல்கிறேன். பிட்சர் என்றால் பந்துவீச்சாளர். மாசசூசெட்ஸில் வேலை பார்த்த காலத்தில் எனக்குப் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது, அதனால் கொஞ்சம் நீளும்.

கதை 2011 செப்டம்பரில் தொடங்குகிறது. மாதத் தொடக்கத்தில் பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று) இடம் கைக்குள் இருந்தது. அதே இடத்துக்குப் போட்டியிட்ட டாம்பா பே ரேஸ் அணி 9 ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது. அந்த மாதம் ரெட் சாக்ஸ் 7 ஆட்டங்களில் ஜெயித்து 20 ஆட்டங்களில் தோற்றது. செப்டம்பர் 28, கடைசி நாள் இரவு. பால்டிமோரில் கடைசி இன்னிங்ஸில் ஆட்டம் கைநழுவியது. சில நிமிடங்களில் ஃப்ளோரிடாவில் டாம்பா பே ஒரு ஹோம் ரன்னால் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) ஜெயித்து உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம்தான் செய்திகள் கசிந்தன. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, அன்று பந்துவீச வேண்டியிராத பிட்சர்கள் கிளப்ஹவுஸில் உட்கார்ந்து பொரித்த கோழி சாப்பிட்டு, பீர் குடித்து, வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று. அடிபட்ட பெயர்கள் மூன்று: ஜோஷ் பெக்கெட், ஜான் லெஸ்டர், ஜான் லாக்கி. ஆட்டத்தை நடத்தும் பயிற்சியாளரான மேனேஜர் டெரி ஃபிராங்கோனா போனார். ஆட்களை எடுக்கும் பொறுப்பில் இருந்த ஜெனரல் மேனேஜர் தியோ எப்ஸ்டீன் சிகாகோ கப்ஸுக்குப் போனார்.

இதில் கோழியைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை. ஸ்டார்ட்டிங் பிட்சர் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் பந்துவீசுவார். மற்ற நான்கு நாளும் மைதானத்தில் அவருக்கு வேலை கிடையாது. பல அணிகளில் பிட்சர்கள் உள்ளே போய் டிவியில்தான் பார்ப்பார்கள். ஆனால் டக்அவுட்டில் (மைதான ஓரத்தில் ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) தோளோடு தோள் உரசிக்கொண்டு தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு, உள்ளே நாலு பேர் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிவது வேறு விஷயம்.

சரி, நிர்வாகம் என்ன செய்தது? "பையன்களுக்குக் கட்டுப்பாடு இல்லை, கண்டிப்பான ஆளைக் கொண்டு வருவோம்" என்று பாபி வாலன்டைனை மேனேஜர் ஆக்கியது. எந்த ஆபீஸிலும் நடக்கிற தப்புதான் இது: நோய் ஒன்று, மருந்து வேறு. சீசன் தொடங்கிய மாதமே, பல வருடமாக அணியில் இருந்த கெவின் யூகிலிஸுக்கு உடம்பாலும் மனதாலும் முன்போல ஈடுபாடு இல்லை என்று வாலன்டைன் டிவியில் சொன்னார். இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர் டஸ்டின் பெட்ரோயா, இங்கே நாங்கள் இப்படி நடந்துகொள்வதில்லை என்று பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே பதில் கொடுத்தார். ஜூனில் யூகிலிஸை சிகாகோ வைட் சாக்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். வருட முடிவில் 69 வெற்றி, 93 தோல்வி, பிரிவில் கடைசி இடம். சீசன் முடிந்த மறுநாளே வாலன்டைன் வேலை போயிற்று.

ஆனால் அந்த வருடத்தில்தான் எல்லாவற்றையும் மாற்றிய காரியம் நடந்தது. 2012 ஆகஸ்ட் 25 அன்று ஏட்ரியன் கான்சாலஸ், கார்ல் க்ராஃபோர்ட், பெக்கெட், நிக் பன்ட்டோ நால்வரையும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் எடுத்துக்கொண்டது. நால்வருக்கும் சேர்த்து இன்னும் கொடுக்க வேண்டியிருந்த சம்பளம் 25 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும்பகுதி டாட்ஜர்ஸ் தலையில் போனது. பன்ட்டோ தனி விமானத்தில் கான்சாலஸோடும் பெக்கெட்டோடும் இருக்கும் படம் ஒன்று உண்டு. கோடிகளில் புரளும் இருவரோடு, எங்கே விமானத்தை நிறுத்தி இறக்கிவிடுவார்களோ என்பதுபோல ஒரு சிரிப்பு அவர் முகத்தில் இருக்கும்.

இங்கே ஆஃப் சீசன் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு வரி சொல்ல வேண்டும். ஐபிஎல் போல ஒரே நாளில் ஏலம் போட்டுச் சுத்தியல் தட்டுகிற கதை இல்லை. ஒரு ஆட்டக்காரர் மேஜர் லீக்கில் ஆறு வருட சர்வீஸ் முடிக்கும்வரை அணியின் கட்டுப்பாட்டில்தான் இருப்பார். அதற்கப்புறம் ஒப்பந்தம் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம். நவம்பரில் சந்தை திறக்கும். டிசம்பரில் வின்டர் மீட்டிங் என்று எல்லா அணி நிர்வாகிகளும் ஏஜென்ட்களும் ஒரே ஹோட்டலில் கூடுவார்கள். அந்த வருடம் நாஷ்வில்லில். சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் அணியின் மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் லக்சுரி டாக்ஸ் என்ற வரி; அப்போது அந்தக் கோடு 17.8 கோடி டாலர். இன்னொரு கண்ணியும் அந்த வருடம்தான் வந்தது. பழைய அணி ஒரு வருடத்துக்கு 1.33 கோடி டாலர் தருவதாகச் சொல்லி, ஆட்டக்காரர் வேண்டாம் என்று வெளியே வந்தால், அவரை எடுக்கும் புதிய அணி டிராஃப்டில் (புது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை) ஒரு இடத்தை இழக்க வேண்டும்.

கையில் பணம், கண்ணெதிரே பெரிய பெயர்கள். எந்த ஜெனரல் மேனேஜருக்கும் கை துறுதுறுக்கும். எப்ஸ்டீன் இடத்துக்கு வந்திருந்த பென் செரிங்டன் பெரிய மீனை விட்டுவிட்டு நடுத்தர மீன்களாக ஏழு எடுத்தார். கேட்சர் டேவிட் ராஸ், 2 வருடம், 62 லட்சம் டாலர். ஜானி கோம்ஸ், 2 வருடம், 1 கோடி. ஷேன் விக்டரீனோ, 3 வருடம், 3.9 கோடி. பிட்சர் ரயன் டெம்ப்ஸ்டர், 2 வருடம், 2.65 கோடி. ஷார்ட் ஸ்டாப் ஸ்டீவன் ட்ரூ, 1 வருடம், 95 லட்சம். ஜப்பானிய ரிலீஃப் பிட்சர் கோஜி உஎஹாரா, 1 வருடம், 42.5 லட்சம். ஏழாவது மைக் நாப்போலி. அவருக்கு முதலில் 3 வருடம் 3.9 கோடி என்று பேசி முடித்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் இடுப்பு எலும்பில் ரத்த ஓட்டக் கோளாறு தெரிந்தது. பேச்சு ஜனவரி வரை இழுத்து, கடைசியில் ஒரே வருடம், உறுதியாக 50 லட்சம், தொடர்ந்து ஆடினால் 1.3 கோடி வரை என்று முடிந்தது.

எல்லாவற்றையும் நானே கூட்டிப் பார்த்தேன். நாப்போலிக்கு முழுத் தொகையைப் போட்டாலும் சுமார் 10.8 கோடி டாலர். டாட்ஜர்ஸுக்கு அனுப்பிவைத்த க்ராஃபோர்ட் ஒருவருக்கு மட்டும் 2010 டிசம்பரில் எழுதிக் கொடுத்தது 14.2 கோடி. ஏழு பேரில் யாரும் டிராஃப்ட் இடத்தைக் காவு கேட்கும் ஆளும் இல்லை.

அன்றைக்கு இதற்குக் கிடைத்த மரியாதை என்ன? "வயசானவர்களுக்கு மார்க்கெட் விலைக்கு மேலே கொடுத்திருக்கிறார்கள்" என்பதுதான் பொதுவான பேச்சு. நானும் அதையேதான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். விக்டரீனோவுக்கு 3.9 கோடியா என்று ஆபீஸ் கேன்டீனில் நின்று கணக்குப் போட்டவன் நான்.

நாங்கள் கவனிக்காத விஷயம் ஒப்பந்தத்தின் நீளம். இந்த ஏழு பேரில் பெரும்பாலோர் முந்தைய வருடம் சறுக்கியவர்கள், அல்லது உடம்பில் கேள்விக்குறி உள்ளவர்கள். ஒன்று, இரண்டு, அதிகம் போனால் மூன்று வருடம். மறுபடி சந்தைக்குப் போக வேண்டியவன் தினமும் சீக்கிரம் வந்து பயிற்சி செய்வான்; அதற்கு ஒழுக்க போதனை வேண்டாம். சம்பளம் கொஞ்சம் கூடக் கொடுத்தது வருடத்தைக் குறைக்கத்தான். "நல்ல கிளப்ஹவுஸ் ஆட்கள்" என்று செரிங்டன் விசாரித்தது உண்மை. ராஸும் கோம்ஸும் போன இடமெல்லாம் நல்ல பெயர் எடுத்தவர்கள். ஆனால் அந்தக் குணத்தை வேலை செய்ய வைத்தது ஒப்பந்தத்தின் வடிவம்.

இன்னொன்று மேனேஜர். டொரான்டோ புளூ ஜேஸிடமிருந்து ஜான் ஃபாரலை, மைக் அவிலெஸ் என்ற ஆட்டக்காரரைக் கொடுத்து வாங்கினார்கள். மேனேஜரை வாங்க ஆட்டக்காரரைக் கொடுப்பது பேஸ்பாலில் அபூர்வம். ஃபாரல் 2007 முதல் 2010 வரை இதே பாஸ்டனில் பிட்சிங் கோச். லெஸ்டரை வளர்த்தவர்களில் ஒருவர். லெஸ்டர் எந்த நேரத்தில் தோளைத் தளர்த்துவார், எப்போது கோபத்தில் வேகத்தைக் கூட்டுவார் என்று தெரிந்தவர். கண்டிப்பான வெளியாள் போய், கையெழுத்து தெரிந்த வாத்தியார் வந்தார்.

அப்புறம் லாக்கி. 2011-இல் அவருடைய ஈ.ஆர்.ஏ. 6.41. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன் அது; குறைந்தால் நல்லது. லட்சணமில்லாத எண். அந்த வருடமே முழங்கை கிழிந்துபோனது என்பது சீசனுக்குப் பிறகு அறுவை சிகிச்சை நடந்தபோதுதான் ரசிகர்களுக்குத் தெரிந்தது. 2012 முழுக்க ஆடவில்லை. 2013-இல் எடை குறைந்து வந்தார், ஈ.ஆர்.ஏ. 3.52. "சோம்பேறி, சிடுமூஞ்சி" என்று நாங்கள் பட்டம் கொடுத்திருந்த ஆளின் பாதிப் பிரச்சினை முழங்கையில் இருந்தது. கிளப்ஹவுஸ் கலாசாரம் என்று பெயர் வைப்பதில் பல நேரம் டாக்டர் ரிப்போர்ட்டும் கலந்திருக்கும்.

தாடிக்கு வருகிறேன். பயிற்சி முகாமில் கோம்ஸும் நாப்போலியும் ஷேவ் செய்வதை நிறுத்தினார்கள். ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஜூலையில் முக்கால்வாசி அணி கற்காலத்திலிருந்து வந்தது போல இருந்தது. ஒருவர் ஹோம் ரன் அடித்துவிட்டு வந்தால் கைகுலுக்கலுக்குப் பதில் தாடியைப் பிடித்து இழுப்பார்கள், கோயில் மணியை இழுப்பது போல. சும்மா விளையாட்டுதான். ஆனால் பயிற்சி முகாமிலிருந்து கணக்குப் போட்டால் எட்டு மாதம், அதில் 162 ஆட்டங்கள், பாதி நாள் விமானம், ஹோட்டல். இந்த அளவு நேரம் ஒன்றாக அடைபட்டிருப்பவர்களுக்கு அசட்டு விளையாட்டு ஒன்று தேவைப்படுகிறது. 38 வயது உஎஹாரா மொழிபெயர்ப்பாளர் மூலம்தான் பேசுவார். ஆனால் இன்னிங்ஸ் முடித்துவிட்டு வந்தால் டக்அவுட்டில் ஒருவர் விடாமல் கையில் ஓங்கி அறைந்துகொண்டே ஓடுவார். கை வலிக்கிறது என்று மற்றவர்கள் பயந்து ஒதுங்குவதை டிவியில் பார்க்கலாம்.

அதே உஎஹாராதான் அதிர்ஷ்டம் என்ற விஷயத்துக்கும் உதாரணம். குளோசராக (கடைசி இன்னிங்ஸில் வந்து வெற்றியைக் காக்கும் பிட்சர்) இருக்க பிட்ஸ்பர்கிலிருந்து ஜோயல் ஹன்ரஹனை வாங்கியிருந்தார்கள். அவர் மே மாதமே முழங்கை போய் வெளியேறினார். அடுத்து ஆண்ட்ரூ பெய்லி. அவரும் தடுமாறினார், பிறகு தோளும் போனது. மூன்றாவதாகத்தான் உஎஹாரா. பந்தின் வேகம் மணிக்கு 90 மைலைத் தொடுவதே அபூர்வம். கடைசி நொடியில் கீழே விழும் ஸ்ப்ளிட்டரும், நினைத்த இடத்தில் போடும் கையும்தான் சொத்து. ஆகஸ்ட், செப்டம்பரில் தொடர்ந்து 37 பேட்டர்களை ஒருவரையும் பேஸுக்கு விடாமல் அவுட் ஆக்கினார். இதை எந்த ஜெனரல் மேனேஜரும் திட்டம் போட்டு எழுத முடியாது. ஹன்ரஹனுக்குக் கொடுத்தவர்களில் ஒருவரான மார்க் மெலான்சன் பிட்ஸ்பர்கில் பெரிய குளோசர் ஆனார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செரிங்டன் அந்த வியாபாரத்தில் ஏமாந்தார். அது தெரியாமல் போனதற்குக் காரணம் 42.5 லட்சத்துக்கு எடுத்த மூன்றாம் ஆள்.

2013 சீசன் முடிவில் 97 வெற்றி, 65 தோல்வி. லீக்கிலேயே அதிக ரன், 853.

"அப்படியென்றால் எல்லாம் அதிர்ஷ்டமா?" என்றால், 2014-ஐப் பாருங்கள். அதே மேனேஜர், அதே கோம்ஸ், அதே ராஸ், பெரும்பாலும் அதே கிளப்ஹவுஸ். 71 வெற்றி, 91 தோல்வி, மறுபடி கடைசி இடம். சீசனுக்கு முன் லெஸ்டருக்கு 4 வருடம் 7 கோடி என்று மிகக் குறைவாகக் கேட்டுப் பார்த்தார்கள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஜூலை 31 அன்று லெஸ்டரும் கோம்ஸும் ஓக்லண்டுக்கு, லாக்கி செயின்ட் லூயிஸுக்கு. அந்த நவம்பரில் செரிங்டன், தான் எழுதிய பாடத்தைத் தானே கிழித்துப் போட்டார்: பாப்லோ சாண்டோவாலுக்கு 5 வருடம் 9.5 கோடி, ஹான்லி ராமிரெஸுக்கு 4 வருடம் 8.8 கோடி. 2015-இலும் கடைசி இடம். அந்த ஆகஸ்டில் செரிங்டனும் போனார். ஆக, நல்ல சூழல் பந்தை அடித்துக் கொடுக்காது. ஒருவருக்கு மாற்றி ஒருவர் காயமானாலும் அடுத்த ஆள் தயாராக இருப்பது, தோற்கும் வாரத்தில் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் இருப்பது, இவ்வளவுதான் அதனால் ஆகும். 2011 செப்டம்பரில் அந்த இரண்டாவது இல்லை. 2014-இல் அது இருந்தும், அடிக்க ஆள் இல்லை.

இனி ரசிகர்கள். பாஸ்டன் ரசிகனுக்கு ரொம்ப காலம் அடையாளமே வலிதான். பேஸ்பாலின் மாபெரும் ஆட்டக்காரர் பேப் ரூத்தைப் பரம வைரியான நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றது, 1918-க்கு அப்புறம் 86 வருடம் கோப்பை இல்லாதது. 2004, 2007 இரண்டு முறை ஜெயித்த பிறகு அந்த வலியைச் சொல்லிக்கொள்ள முடியாமல் போனது. யாங்கீஸைப் பணக்காரத் திமிர் என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள், தாங்களே இன்னொரு பணக்கார அணியின் ரசிகர்கள் என்று ஆனார்கள். 2011 கோழிக் கதை அவ்வளவு எரிச்சலைக் கிளப்பியதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். 2003 மே மாதம் தொடங்கி சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் தீர்ந்துவிட்டதாக அணி அறிவித்துக்கொண்டிருந்த கணக்கு 2013 ஏப்ரல் 10 அன்று முடிந்தது, பிளேஆஃப் உட்பட 820 ஆட்டங்களில்.

அடுத்த திங்கள், ஏப்ரல் 15. பேட்ரியாட்ஸ் டே, மாசசூசெட்ஸில் விடுமுறை. அன்று ஊரில் மாரத்தான் ஓடுவதால் ஆட்டம் காலை 11 மணிக்கே தொடங்கும். நாப்போலி அடித்த கடைசிப் பந்தில் ஜெயித்து, அணி க்ளீவ்லாந்துக்குக் கிளம்பிய நேரத்தில், மாரத்தான் முடியும் பாய்ல்ஸ்டன் தெருவில் குண்டுகள் வெடித்தன. மூன்று பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயம். அணி 617 என்று பாஸ்டனின் தொலைபேசிப் பகுதி எண் போட்ட ஜெர்சியைச் செய்து, போகும் ஊரெல்லாம் டக்அவுட்டில் தொங்கவிட்டது. சனிக்கிழமை ஏப்ரல் 20, ஃபென்வேயில் மறுபடி ஆட்டம். வெள்ளைச் சட்டையில் வழக்கமாக 'ரெட் சாக்ஸ்' என்று இருக்கும் இடத்தில் அன்று 'பாஸ்டன்' என்று இருந்தது. அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் டேவிட் ஓர்ட்டிஸ் மைக்கைப் பிடித்து, இது எங்கள் ஊர் என்று நடுவில் ஒரு கெட்ட வார்த்தையையும் போட்டுச் சொன்னார். டொமினிகன் குடியரசிலிருந்து வந்த ஒருவர் அப்படிச் சொன்னதை அந்த ஊர் அப்படியே எடுத்துக்கொண்டது. வெளியூர்க்காரனான எனக்கு அது கொஞ்சம் தொண்டையை அடைத்தது. எட்டாவது இன்னிங்ஸில் டேனியல் நாவா மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். கல்லூரி அணியில் துணி துவைத்து மூட்டை தூக்கியவர். எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காததால் சின்ன லீக் ஒன்றிலிருந்து ஒரு டாலருக்கு ரெட் சாக்ஸ் வாங்கிய ஆள்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, தாடி வைத்து வந்தால் ஒரு டாலர் டிக்கெட் என்றார்கள். ஒட்டுத்தாடியும் செல்லும். கல்லூரிப் பெண்கள், பாட்டிகள், தள்ளுவண்டிக் குழந்தை எல்லாருக்கும் நூல்கண்டிலும் அட்டையிலும் செய்த தாடி. பணக்கார அணி என்ற உறுத்தல் அந்த வரிசையில் யாரிடமும் இல்லை.

கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் நான்காவது ஆட்டத்தில் ஓர்ட்டிஸ் எல்லாரையும் டக்அவுட்டில் சுற்றி நிற்க வைத்துப் பேசினார். அதே இன்னிங்ஸில் கோம்ஸ் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். அன்று முதல் பட்டியலில் கோம்ஸ் பெயரே கிடையாது. விக்டரீனோவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் உள்ளே வந்தவர். பேச்சால் அடித்தாரா, முதுகு வலியால் அடித்தாரா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அக்டோபர் 30, ஆறாவது ஆட்டம். 1918-க்குப் பிறகு முதல் முறையாக ஃபென்வேயிலேயே கோப்பை உறுதியான இரவு. பந்து லாக்கி கையில். ஏழாவது இன்னிங்ஸில் ஃபாரல் மாற்ற வந்தார். லாக்கி அவரைத் திருப்பி அனுப்பினார். இன்னும் ஒரு பேட்டருக்குப் போட்டார், நான்கு தவறான பந்தால் அவன் சும்மா நடந்து பேஸுக்குப் போனான், மறுபடி ஃபாரல் வந்தார். இந்த முறை பந்தைக் கொடுத்துவிட்டு லாக்கி நடந்தார். இரண்டு வருடம் முன்பு அவரைப் பார்த்து ஊளையிட்ட அதே மைதானம் அவர் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது. இந்த ஊர்க் கூட்டத்துக்குத் தலை வணங்குகிற ஆள் இல்லை அவர். டக்அவுட் படியை நெருங்கும்போது தொப்பியை எடுத்து ஒருமுறை தூக்கினார்.